இடைவேளைக்குப் பிறகு வருகிறவள்

அவள் எந்தப் படத்தையும் முதலிலிருந்து பார்த்ததில்லை.

கண்டி டவுனில் தமிழ்ப் படம் ஓட்டிய தியேட்டர் ஒன்றின் கேட்டடியில் நான் கச்சான் என்கிற வறுத்த நிலக்கடலையும் அவித்த கடலையும் விற்றுக்கொண்டிருந்தேன். பழைய பெரிய படங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்ததை அந்தக் காலத்தில் யாரும் படம் என்று மதிக்கமாட்டார்கள். நடுவில் மணி அடிக்கும், கதவு திறக்கும், சனம் வெளியே வந்து கொட்டும். ஊருக்கு அது இடைவேளை. எனக்கு அதுதான் வேலை வேளை. கூடையைத் தூக்கிக்கொண்டு நான் ஒருவரிடமும் போய் நின்றதில்லை. என் கடலைக்குச் சனம் என்னிடம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மத்தியானக் காட்சியில் மணி அடிக்கக் கொஞ்சம் முந்தி அவள் வந்து என் கூடைக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒரு கையில் குடை, மற்றக் கையில் வீட்டுச் சாவி. மணி அடித்ததும் அவள் புருஷன் உள்ளேயிருந்து வருவார். அவர் கிழிந்த டிக்கெட்டை அவளிடம் கொடுப்பார். அவள் சாவியை அவரிடம் கொடுப்பாள். பிறகு அவர் வீட்டுக்குப் போவார், அவள் படத்துக்குப் போவாள். அவர் எழுந்து வந்த அதே கதிரையில் உட்கார்ந்து மிச்சத்தைப் பார்ப்பாள்.

ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர். கேட்டில் டிக்கெட் கிழிக்கிற சிங்கள மாத்தையாவிடம் ஒரு நாள் கேட்டேன், இது எந்த ஊர்ச் சட்டம் என்று.

"கதிரை ஒண்டு, ஆள் ஒண்டு, அக்கே," என்றார். "ஒரே நேரத்தில ரெண்டு பேர் குந்தினா மட்டுந்தான் நான் புடிக்கிறது."

அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். தியேட்டருக்குப் பின் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், ஒரு ஹாஜியாரின் வீட்டுப் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். புருஷனை நான் ஐயா என்பேன். அவருக்கு டெலிபோன் கந்தோரில் இரவு வேலை. பிள்ளைகள் இல்லை. அவருடைய தாய் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தாள். கிழவியைத் தனியே விட்டு இரண்டு பேரும் ஒன்றாக எங்கேயும் போக முடியாது. ஒழுங்கையால் நடந்து வந்து நடந்து போகிற நேரம் மட்டும் கதவைப் பூட்டிவிட்டு வரலாம். அதனால்தான் அந்தச் சாவி.

ஒழுங்கையில் எல்லோரும் அவளை யாழ்ப்பாணத்து அம்மா என்பார்கள். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான், ஆனாலும் என்னிலும் இளையவளை அம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. தங்கச்சி என்றேன். முதல் நாள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து அவள் என்னை அக்கா என்றாள். அவள் பெயரை நான் கேட்டதில்லை. என் பெயரை அவளும் கேட்டதில்லை.

மணி அடித்து மறுபடி மணி அடிப்பதற்குள் ஐயா அவளுக்கு அதுவரை நடந்த கதை முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும். என் கூடைக்குப் பக்கத்தில், சனத்தின் இடியில் நின்றபடிதான் அது நடக்கும். நான் ஒரு சுருள் கச்சானை மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் காதை அந்தப் பக்கமே வைத்திருப்பேன்.

"இஞ்சேருங்கோ, என்ன நடந்தது? கெதியாச் சொல்லுங்கோ," என்பாள்.

"கேளும். இவன் பெரிய இடத்துப் பிள்ளை. தகப்பன் பொல்லாத மனுசன். இவன் ஆரோ ஒரு ஏழைப் பெட்டையை விரும்பிப்போட்டான்."

"அந்தப் பெட்டைக்கு ஆர் இருக்கினம்?"

"தாய் மட்டும். கண் தெரியாது."

"ஐயோ பாவம். பிறகு?"

"பிறகென்ன, கலியாணம். மாலையும் கழுத்துமா நிக்கினம்."

படம் விட்டு வெளியே வரும்போது அவள் நேரே என்னிடம் வருவாள். "அக்கா, கலியாணம் முடிஞ்சுது எண்டெல்லோ அவர் சொன்னவர்? மாலை விழுந்தது கடைசியிலதான். அந்தத் தாய்க்குக் கண் தெரியாதாம். அவ ஊசியில நூல் கோத்துக்கொண்டிருக்கிறா!"

அடுத்த முறை மாறிக்கொள்ளும்போது அவரைப் பிடிப்பாள். அவர் அசையமாட்டார்.

"அந்தக் கலியாணம் கனவு."

"கனவே?"

"ஓம், கனவுக் காட்சி. பாட்டோட வந்தது."

"தாயின்ர கண்?"

"இடையில ஒப்பரேசன் செய்திருப்பினம். அதையெல்லாம் காட்டிக்கொண்டிருக்க ஏலுமே?"

நான் கடலைச் சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். எனக்கு விஷயம் தெரியும். கேட் மாத்தையா எப்போதோ சொல்லிவிட்டார்.

"ஐயா படம் பாக்கிறது இல்லே, அக்கே. உள்ளுக்கு வந்தா கடைசி வரிசை, தூண் பக்கம். லைட் அணைச்சதும் நித்திரை. மணி அடிக்கக் கிட்ட நான் போய் டோர்ச்சால தோள்ல தட்டி எழுப்பிறது."

இரவெல்லாம் வேலை. விடிந்து வீட்டுக்கு வந்தால் கிழவி விடமாட்டாள். மகன் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவர் உறங்கியதெல்லாம் அந்த இருட்டில்தான். ஆனால் பெண்சாதி கதை கேட்கக் காத்து நிற்கிறாளே. அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படத்தின் போட்டோக்களை ஒட்டியிருப்பார்கள். வெளியே வருகிற வழியில் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார். ஒரு பார்வை. மாலை போட்ட போட்டோ, அழுகிற கிழவியின் போட்டோ, துப்பாக்கி பிடித்த ஆள். அவ்வளவுதான். பத்தடி நடந்து என் கூடைக்கு வருவதற்குள் அதையெல்லாம் கோத்து ஒரு முதல் பாதி செய்துவிடுவார். கடைசிக் காட்சியின் போட்டோவும் அந்தப் பெட்டியில் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அவளிடம் நான் சொல்லவில்லை. ஊமை மாதிரி வீட்டுக்கும் வேலைக்கும் நடக்கிற மனிதர், அந்த இடத்தில்தான் வாய் திறந்து பேசுவார். கையை ஆட்டுவார், வில்லன் மாதிரி உறுமிக் காட்டுவார். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

படத்துக்கு மட்டுமில்லை, எதற்குமே அவள் பாதியில் வருகிறவள்தான். மாமியாருக்குச் சோறூட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வர வேண்டும். தாலி கட்டி முடித்த கலியாணத்துக்கு வருவாள். பூசை முடிந்த கோயிலுக்கு வருவாள். செத்த வீட்டுக்குக்கூட முதல் அழுகை ஓய்ந்த பிறகுதான் வருவாள். வந்தவுடன் மற்றவர்கள் கேட்கிற கேள்வி அவள் வாயில் வராது. என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் தொடங்கியது, ஒன்றும் கேட்கமாட்டாள். நடந்துகொண்டிருக்கிற இடத்தில் புகுந்துகொள்வாள்.

ஒழுங்கைக் குழாயடியில் ஒரு நாள் இரண்டு பெண்கள் வாளியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். பிறப்பு வளர்ப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. இவள் குடத்தோடு வந்தாள். இரண்டு பேரும் இவளைப் பார்த்து, "நீங்களே கேளுங்கம்மா, இவ என்ன சொன்னான்னு," என்று ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"நான் இப்பதான் வந்தனான், எனக்குத் தெரியாது," என்றாள். "தண்ணி நிண்டுபோகப் போகுது. ஆர் முதல் பிடிக்கிறது?"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வாளியை வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் குடிக்கிற ஆள். ஒருமுறை கை வீங்கி, கூடையைத் தூக்க முடியாமல் கேட்டடியில் உட்கார்ந்திருந்தேன். வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. இவள் வந்து என் கையைப் பார்த்தாள். குடையை மடக்கினாள், சாவியை இடுப்பில் செருகினாள், கூடையைத் தன் பக்கம் இழுத்துச் சுருள் மடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு மணி அடித்ததும் ஐயாவிடம் சாவியை மட்டும் கொடுத்தாள், உள்ளே போகவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா கச்சான் விற்கிறா என்று சனம் கூடி நின்று பார்த்தது. என் சுருளைவிட அவள் சுருள் கொஞ்சம் தடிப்பு. மற்றபடி குறையில்லை. கை எப்படி வீங்கியது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

தமிழரைத் தேடி அடித்த ஆடி மாதக் கலவரம் கொழும்பில் தொடங்கிக் கண்டிக்கு வந்த நாளில் காலையில் கடைகளெல்லாம் திறந்துதான் இருந்தன. மத்தியானக் காட்சிக்குச் சனம் குறைவு. ஐயா வந்தார், வழமை போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். படம் ஓடிக் கொஞ்ச நேரத்தில் கீழ்த்தெருப் பக்கம் புகை எழும்பியது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று இடத்தில். கேட் மாத்தையா ஓடி வந்தார்.

"அக்கே, கூடையை விடுங்க. உள்ளுக்கு வாங்க. கெதியா."

என்னை டிக்கெட் அறைக்குள் தள்ளி முன் கேட்டை இழுத்து மூடினார். படம் நின்றது. லைட் போட்டார்கள். பின் கதவைத் திறந்து ஆட்களை இரண்டிரண்டு பேராக ஒழுங்கைக்குள் விட்டார். ஐயாவை அவர்தான் தட்டி எழுப்பி அனுப்பியிருக்கிறார்.

டிக்கெட் அறைக் கம்பியால் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் தெருவால் அவள் வருகிறாள். ஒரு கையில் குடை, மற்றக் கையில் சாவி. இடைவேளைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வந்து, என் கூடை கவிழ்ந்து கிடந்த இடத்தில், எப்போதும் நிற்கிற மாதிரி நின்றாள். தெருமுனையில் கூட்டம் கத்துகிறது.

நான் கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்றாள்.

"இடைவேளை இன்னும் விடேல்லையே. அவர் வரோணும்."

"ஐயா பின் கதவால போயிட்டாரு தங்கச்சி. வீட்டுக்குத்தான் போயிட்டாரு. நீங்க உள்ள வாங்க!"

அவள் கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள். நான் அவளை உள்ளே இழுத்துக் கேட்டை மூடினேன்.

அன்றைக்கு நடந்ததை ஹாஜியார் வீட்டு உம்மா பிறகு எனக்குச் சொன்னார். "ஐயா ஓடி வந்து பூட்டப் புடிச்சி ஆட்டின. நான் ஜன்னலால கூப்புட்ட, 'உள்ளுக்கு வாங்க ஐயா'ண்டு. 'இல்ல உம்மா, மனுசி கேட்டடியில நிக்கும்'ண்டு சொல்லிட்டுத் திரும்பி ஓடின. நான் எவ்வளவு கத்தின."

அவர் வீட்டுக்கும் வரவில்லை, கேட்டுக்கும் வந்து சேரவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் ஆளைக் காட்டினார்கள். அதைப் பற்றி நான் இவ்வளவுதான் சொல்வேன்.

கூட்டம் ஒழுங்கைக்குள்ளும் வந்தது. வெளியே பூட்டுத் தொங்குவதைப் பார்த்து, ஆளில்லாத வீடு என்று தாண்டிப் போனது. உள்ளே கிழவி கிடந்தாள். தம்பி தம்பி என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு என்னவோ வாய் திறக்கவில்லை.

அகதி முகாமிலிருந்து சனம் வடக்கே போனபோது அவளுடைய அண்ணன்மார் கூட்டிப்போக வந்தார்கள். அவள் போகவில்லை. "மாமியைத் தூக்கிக்கொண்டு எத்தினை பஸ் ஏறுறது?" என்றாள். அம்பிட்டியவில் ஓர் அறை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்து, கிழவியைப் பார்த்தாள். கலவரம் முடிந்து ஒருவரை ஒருவர் கண்டால் ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். நீ எங்கே இருந்தாய், உன் வீடு என்னாச்சு, யார் காட்டிக் கொடுத்தது. அவள் மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவளை யாரும் கேட்டால், "இப்ப கொஞ்சம் பரவாயில்லை," என்று இப்போதைச் சொல்வாள்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி நெஞ்சுக்குள் கிடந்தது. ஒழுங்கையில் நின்றாலே புகை தெரியும். புகையைக் கண்ட பொம்பிளை கதவை உள்ளால் பூட்டிக்கொண்டு இருப்பாளா, நோயாளியை விட்டுவிட்டு வெளியால் பூட்டிக்கொண்டு வருவாளா? ஏன் வந்தாள்? கேட்கக்கூடாது என்று அவளிடம்தான் கற்றிருந்தேன். கேட்கவில்லை.

சண்டை பெருத்து வருஷங்கள் போயின. நான் கட்டுகஸ்தோட்டைக்கு மாறி, பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் கடலை விற்றேன். பாலத்தில் துப்பாக்கியோடு ஆமி நின்று பஸ்ஸை மறித்துச் சோதிக்க எல்லோரையும் இறக்கும். இறங்கி நிற்கிற சனம் கச்சான் வாங்கும். அதுவும் ஒரு இடைவேளைதான். என் மகன் டுபாய்க்குப் போய் டீவியும் வீடியோ டெக்கும் அனுப்பினான். எங்கள் வரிசையில் முதல் டெக் என் வீட்டில்தான் வந்தது.

நான் படித்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் வீடியோ கடைக்காரருக்குப் பொறுமை போய்விடும். அதனால் கெசட்டின் மேல் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்தே எடுப்பேன். தியேட்டர் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கெசட்டில் வந்தன. உள்ளே பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த நான், என் வீட்டுக் கதிரையில் இருந்து அவற்றை முழுசாகப் பார்த்தேன். ஐயா சொன்ன கதை ஒன்றாவது உண்மையில்லை. ஒரு படத்தில் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார். ஒரே ஆள், மீசை வைத்தும் வைக்காமலும்.

அதனால் எனக்குப் பயம் வந்தது. கிழவி செத்த பிறகு தங்கச்சி மாதத்தில் ஒரு தரமாவது என்னைப் பார்க்க வருவாள். அவள் வருகிறாள் என்றால் டீவியைத் துணியால் மூடி, பழுது என்று சொல்லிவிடுவேன். முதல் பாதியை அவள் தன் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னதெல்லாம் உடைந்துவிடும். அவளிடம் மிச்சமிருந்தது அதுதானே.

ஒரு நாள் வீடியோ கடையில் அந்தக் கெசட்டைக் கண்டேன். கலவரத்தன்று ஓடிய படம். கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். இந்தப் படத்தின் கதையை அவர் அவளுக்குச் சொல்லவேயில்லை. சொல்லாத கதையில் பொய் எப்படி வரும்? இதைக் காட்டலாம் என்று நினைத்து, அடுத்த முறை தங்கச்சி வந்தபோது கெசட்டை எடுத்து நீட்டினேன்.

"அண்டைக்கு ஓடின படமோ?" என்று கேட்டாள்.

"ஆமா தங்கச்சி. வேணாம்னா விட்டுருவோம்."

குடையைச் சுவரோரம் சாத்தினாள். "போடுங்கோ," என்றாள்.

பகல் வேளை. ஜன்னல் சீலையை இழுத்துவிட்டேன். அவள் கதிரை நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்து ஓடி முடிந்தது, கடற்கரை வந்தது, ஒரு ஆள் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"இவர் ஆர்?"

"எனக்கும் தெரியாது. இப்பதானே தொடங்குது."

"தொடக்கத்தில எல்லாருக்கும் இப்பிடித்தானோ? ஒண்டும் தெரியாமலே இருக்கிறவை?" அவளுக்கு அதிசயமாக இருந்தது.

வலை பின்னிய ஆளுக்குக் கலியாணம் நடந்தது. பிள்ளை பிறந்தது. கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று புறப்பட்டான். பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நின்றாள். தங்கச்சி முதலில் நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு நெளியத் தொடங்கினாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நானும் டீவியை விட்டு அவளையே பார்த்தேன். கை மடியில் எதையோ தேடியது.

"இடைவேளை இன்னும் விடேல்லையே," என்றாள்.

கலவரத்தன்று கேட்டடியில் சொன்னதுதான். அதே சொல், அதே குரல். டீவியைப் பார்த்தேன். தொட்டிலில் கிடந்த பிள்ளை புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அது தாண்டிருச்சு போல இருக்கு. ஒரே கெசட்டுல அடக்குறதுக்காக இடைவேளைன்னு போடுற எழுத்த வெட்டிட்டானுங்க. கடையில எல்லாத்தையும் அப்படித்தான் செய்றானுங்க."

"தாண்டிட்டுதோ?" எழுந்து நின்றுவிட்டாள். "எப்பிடித் தாண்டும்? மணி அடிக்கேல்லை. ஆரும் எழும்பேல்லை." டீவியைக் கை காட்டினாள். "அக்கா, அவரும் நானும் சேந்து பாத்தது அந்த இடைவேளை மட்டும்தான்."

நான் போய் டெக்கை நிறுத்தினேன். நான் செய்த பிழை எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. பொய் உடையக்கூடாது என்றுதான் யோசித்தேனே தவிர, இடைவேளை இல்லாத படத்துக்கு அவளைக் கூப்பிடுகிறோம் என்று யோசிக்கவில்லை.

"உக்காருங்க," என்றேன். "வெட்டினவன் வெட்டட்டும். நம்ம விடுவோம் இடைவேளை."

கெசட்டைப் பின்னுக்கு ஓட்டினேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "பொறுங்கோ. இன்னும் பின்னுக்கு. இல்லை, கொஞ்சம் முன்னுக்கு. ஆ, இது! ரயில் ஒண்டு வந்து நிக்குது, ஆரோ பெட்டியோட இறங்கிறார். நான் போய் இருக்கேக்க எப்பவும் ஆரோ ஒரு ஆள் வந்து இறங்குவார்." வாழ்நாள் முழுக்க இரண்டாம் பாதியின் முதல் காட்சியைப் பார்த்தவள் அல்லவா. அந்த ரயிலுக்கு முன்னால் நிறுத்தினேன். டீவி கறுத்தது.

ஜன்னல் சீலையை விலக்கி முன் கதவைத் திறந்தேன். பழைய பேப்பரில் சுருள் மடித்து, சூடாக ஒரு சுண்டு அளவு கச்சான் அள்ளிப்போட்டு அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் வாசலில் போய் நின்றோம். பாலத்துப் பக்கம் பஸ் இரைந்தது.

கச்சானை உடைத்தபடி அவள் சொன்னாள், "மற்றப் படங்களும் வந்திருக்குமே, அக்கா? டீவி பழுது எண்டு நீங்கள் மூடி வைக்கிறது எனக்குத் தெரியும்."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அவர் நித்திரை கொள்ளுறவர் எண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?" என்றாள். "வெளியில வரேக்க கன்னத்தில அந்தப் பலகைக் கதிரையின்ர தடம் இருக்கும். கோடு கோடா. பெரிய இடத்துப் பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டு நிப்பார், கன்னத்தில நாலு கோடு. வீட்டில மாமி கண் மூட விடமாட்டா. நித்திரைக்குப் போங்கோ எண்டால் போகமாட்டார். எனக்குக் கதை வேணும் எண்டால் போவார்."

"அப்ப கனவுக் காட்சின்னு அவரு சொன்னப்ப?"

"நம்பினனான் எண்டுதான் அவர் நினைச்சவர்." சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றது. "அண்டைக்குப் புகையைக் கண்டனான். அவர் உள்ளுக்கு நித்திரையில இருப்பார், சனமெல்லாம் ஓடேக்க ஆர் எழுப்பிறது எண்டுதான் கதவைப் பூட்டிப்போட்டு ஓடி வந்தனான்."

நெஞ்சுக்குள் கிடந்த கேள்விக்கு நான் கேட்காமலே பதில் வந்துவிட்டது. பிறகு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கேட் மாத்தையா எழுப்பினாரு தங்கச்சி. தினமும் அவருதான் டோர்ச்சால தட்டி எழுப்புவாரு. அன்னைக்கும் எழுப்பித்தான் அனுப்புனாரு. தூக்கத்துல விட்டுட்டு வரல்ல."

"அவர்தான் எழுப்பிறவரோ?" என்று மெல்லக் கேட்டாள். "ஒவ்வொரு நாளுமோ?" வெறும் சுருளைக் கைக்குள் கசக்கிக்கொண்டு பாலத்தையே பார்த்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற விஷயமில்லை அது.

பிறகு உள்ளே போய்க் கெசட்டின் பெட்டியை எடுத்து வந்தாள். மேலே ஒட்டியிருந்த படத்தை ஒரு கணம் பார்த்தாள். ஒரு பார்வைதான். பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கேளும், அக்கா. இவன் ஒரு ராசாவின்ர மகன். கோவிச்சுக்கொண்டு வந்து மீன் பிடிக்கிறான். தகப்பன் பொல்லாத மனுசன்."

நாங்கள் இப்போதுதான் பார்த்த படம் அது. ராஜாவும் இல்லை, கோபித்துக்கொண்டு வந்தவனும் இல்லை. அவள் கையை ஆட்டினாள். வில்லன் மாதிரி உறுமினாள். என் வாசலில் அந்த ஐயா வந்து நின்று பேசிவிட்டுப் போனார்.

சொல்லி முடித்ததும் குடையை எடுத்தாள்.

"நான் வாறன், அக்கா."

"மிச்சப் படம்?"

"மிச்சத்தை நீங்கள் பாருங்கோ. பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. நான் இண்டைக்கு முதல் பாதிக்கு வந்தனான்."

அவள் போன பிறகு நான் தனியே உட்கார்ந்து ரயிலிலிருந்து மிச்சத்தைப் பார்த்தேன். பெட்டியோடு இறங்கியவன் வலை பின்னினவனில்லை, அவன் கூடப்போன கூட்டாளி. கப்பல் மூழ்கிவிட்டதாம். அந்தப் பெண்சாதி அதை நம்பாமல் தலை நரைக்கிற வரையில் கடற்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். போனவன் வரவேயில்லை. கடலைக் காட்டிப் படத்தை முடித்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை அம்பிட்டியவுக்கு பஸ் ஏறினேன். அவள் மெஷினில் வெள்ளைச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஆர் அக்கா அந்த ரயிலால இறங்கினது?"

"அவன்தான் தங்கச்சி," என்றேன். "அந்த மீன்காரன்தான். பெட்டி நிறையச் சாமான். நேரா வீட்டுக்கு வாறான். அவ கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா."

மெஷின் நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கன்னத்தில் எதையோ தேடினாள்.

"நித்திரையோ கொண்டனீங்கள், அக்கா?"

"ஆமா," என்றேன். "நல்ல தூக்கம்."

அவள் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிறகு என்ன நடந்தது? கெதியாச் சொல்லுங்கோ."